ஸ்டைல்ஷீட் கேள்விகள்: எழுதும்போது பிரியுங்கள், ஏற்றும்போது சேருங்கள்

தி.நகரில் புடவைக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் தளத்தைக் கைப்பேசியில் திறந்தால் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாகவே நிற்கிறது. பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்புகள் (ஸ்டைல்ஷீட்) ஏழெட்டு, எல்லாம் ஒரு கோப்புக்குள்ளிருந்து இன்னொன்றை அழைக்கும் இம்போர்ட்டில் சேர்த்தவை.

கோப்புகள் பல இருப்பதைவிட இம்போர்ட்தான் இங்கே சிக்கல். முதல் கோப்பை இறக்கிப் படித்த பிறகுதான் உள்ளே இன்னொன்று இருப்பதே பிரவுசருக்குத் தெரியும். அதற்குள் வேறொன்று என்றால் மறுபடி காத்திருப்பு. சிஎஸ்எஸ் வந்து சேராமல் பிரவுசர் பக்கத்தை வரையாது. எழுதும்போது தனித்தனிக் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் ஏற்றும்போது பில்ட் கருவியை (கோப்புகளைத் தளத்துக்குத் தயார்செய்யும் மென்பொருள்) வைத்து ஒன்றாக்கிச் சுருக்குங்கள். பில் அச்சடிக்கும் ஸ்டைலை மட்டும் தனி லிங்காக்கி, மீடியா பிரிண்ட் என்று குறித்துவிட்டால் அது திரையில் வரைவதைத் தடுக்காது.

பெருங்குடியில் நான்கு பேர் ஒரே ஸ்டைல்ஷீட்டில் வேலை செய்கிறோம். எங்கே பார்த்தாலும் இம்பார்ட்டன்ட், மற்ற விதிகளை மீறவைக்கும் குறி. எப்படி வெளியே வருவது?

ஒரே நாளில் முடியாது, ஆனால் கட்டாயம் முடியும். முதலில் நிறங்களையும் இடைவெளிகளையும் வேரியபிளாக்கி, அதாவது பெயர் கொடுத்த மதிப்புகளாக்கி, ஒரே கோப்பில் வையுங்கள். அப்புறம் கேஸ்கேட் லேயர், அதாவது விதிகளை முன்னுரிமைப்படி அடுக்குகளாகப் பிரிப்பது. 2022 முதல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இருக்கிறது. ரீசெட், அடிப்படை, காம்பொனென்ட், யுடிலிட்டி என்று வரிசையை மேலேயே அறிவித்துவிட்டால், பின்னால் வரும் லேயர் ஜெயிக்கும். செலக்டரை (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதி) நீட்டி மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம். லேயருக்குள் போடாத பழைய விதி, லேயரில் இருப்பதை மீறிவிடும். இம்பார்ட்டன்ட் போட்டால் லேயர் வரிசையே தலைகீழாகும். அதனால் பழைய கோப்பு முழுவதையும் முதலில் ஒரு கீழ் லேயருக்குள் தள்ளிவிட்டு, காம்பொனென்ட் காம்பொனென்ட்டாகப் பிரித்தெடுங்கள்.

டிசைனை மாற்றினாலும் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழையதே தெரிகிறது. (தாம்பரம்)

காரணம் கேஷ், பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதி. உள்ளடக்கம் மாறும்போது கோப்பின் பெயரும் மாறும்படி பில்டில் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) சேருங்கள். சிஎஸ்எஸ்ஸுக்கு ஒரு வருடக் கேஷ் கூடக் கொடுக்கலாம். எச்டிஎம்எல்லுக்கு மட்டும் அப்படிக் கொடுக்காதீர்கள்.

தமிழ் ஃபான்ட் ஏற்றியதும் தளம் கனத்துவிட்டது. (அண்ணா நகர்)

வோஃப்2 வடிவம் (இணையத்துக்காகச் சுருக்கிய ஃபான்ட் கோப்பு), தேவையான எடைகள் (எழுத்தின் தடிமன்) மட்டும், ஃபான்ட் டிஸ்ப்ளேவில் ஸ்வாப், அதாவது ஃபான்ட் வரும்வரை வேறு ஃபான்ட்டில் எழுத்தைக் காட்டுவது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் யூனிகோட் வரம்பை (ஒரு ஃபான்ட் எந்த எழுத்துகளுக்கு என்பதை) தனித்தனியாகக் குறித்தால், பக்கத்தில் தமிழ் இருந்தால்தான் தமிழ் ஃபான்ட் இறங்கும். அளவைக் குறைக்க ஃபான்ட்டை வெட்டுகிறவர்கள் பலர், எழுத்துகளைச் சேர்க்கும் அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அப்போது ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். சில கேபிக்காகத் தமிழை உடைக்கக் கூடாது. ஏற்றும் முன் கு, மு, டி, க்ஷ, ஸ்ரீ எல்லாம் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.