ஒரு அட்டையில் நீர்நிலை, இன்னொன்றில் முகாம்: எது சரி?

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியக் குறிகளைச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லித்தர வாங்கிய அட்டைகளில், வட்டத்துக்குள் வட்டம் என்ற ஒரே குறிக்கு இரண்டு பொருள் போட்டிருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். வட்டத்துக்குள் வட்டம் ஓர் ஓவியத்தில் நீர்நிலை, இன்னொன்றில் முகாம், வேறொன்றில் அடுப்புத் தீ. "இந்தக் கதையில இது தண்ணி" என்று சொல்லிக் கொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கடை அட்டைகள் இவற்றை அ, ஆ மாதிரி மாறாத எழுத்துகளாக அச்சிடுவதால்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவன மக்கள் மணலில் விரலால் வரைந்து கதை சொல்வார்கள். இந்தக் குறிகளில் பல அங்கிருந்து வந்தவை. 1971இல் அங்குள்ள பப்புன்யா என்ற ஊரில் அவர்கள் பலகையில் தீட்டத் தொடங்கிய பிறகுதான் வெளியுலகுக்குப் பரவலாகத் தெரிந்தன.

ஒன்று செய்து பாருங்கள். மணல்தொட்டியை லேசாக நனைத்து, ஒரு பிள்ளையைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து மெதுவாக எழுப்புங்கள். மணலில் லாடம் போல ஒரு தடம் இருக்கும். அதுதான் 'ஆள்' குறி! பக்கத்தில் ஈட்டி வரைந்தால் ஆண். கிழங்கு தோண்டும் குச்சியும் நீள்வட்ட மரத்தட்டும் வரைந்தால் பெண். அப்புறம் ஈமு என்ற பெரிய பறவையின் மூன்று விரல் தடத்தை அவர்களே வரைந்துவிடுவார்கள்.

ஆனால் அந்த மக்கள் புள்ளி புள்ளியாகத் தீட்டும் ஓவியங்களைப் பார்த்து நகலெடுக்க வைக்காதீர்கள். பல வடிவங்கள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கே உரியவை, சில புனிதமானவை. நீங்கள் இருப்பது மெல்பர்ன்; அது வுருண்ட்ஜெரி, புனுரொங் என்ற பழங்குடி மக்களின் மண். பாலைவனக் குறிகளை இவர்களுடையவை என்று சொல்லிவிட வேண்டாம். முடிந்தால் இங்குள்ள பழங்குடிப் பெரியவர் ஒருவரை அழையுங்கள். அவருடைய நேரத்துக்கு உரிய பணமும் கொடுங்கள்.