நட்பு நாட்டுக்குத் தொழிற்சாலையை மாற்றினால் புவிசார் அரசியலிலிருந்து நிறுவனம் தப்பிவிடலாமா?

நீங்கள் மேலாண்மை படிப்பவர் போலத் தெரிகிறது. புவிசார் அரசியல் உலகளாவிய மதிப்புச் சங்கிலியை, அதாவது ஒரு பொருள் பல நாடுகளில் கட்டம் கட்டமாக உருவாகும் தொடரை, எப்படி மாற்றுகிறது என்று கேட்டுவிட்டு, கீழே "வர்த்தகப் போர் வந்தால் உற்பத்தியை நட்பு நாட்டுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தப் பதில். நாங்கள் மாற்றினோம். தீரவில்லை.

சிறிய மின் மோட்டார்களை வடிவமைத்து, வெளியே செய்வித்து விற்கும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். 2018 ஜூலையில் அமெரிக்கா 34 பில்லியன் டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்கள்மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அதற்கடுத்த பட்டியல்களும் வரிசையாக வந்தன. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில். மோட்டார்கள் செய்யப்பட்டது சீனாவில். அடுத்த ஒன்றரை வருடத்தில் கம்பி சுற்றுவது, பொருத்துவது, சோதிப்பது என எல்லா வேலையையும் வியட்நாமில் ஒரு சப்ளையரிடம் கொண்டுபோனோம். சாம்பிள் வாங்கி, நிராகரித்து, மறுபடி வாங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒப்புதல் பெற்று முடித்தது என் குழு. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும்தான்.

ஆனால் மோட்டாருக்குள் இருக்கிற காந்தம் மட்டும் பழைய இடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. வியட்நாம் சப்ளையர் அதைச் சீனாவில் வாங்கினார். வரிக் கணக்குக்கு மோட்டார் வியட்நாமில் உருவான பொருள், ஆகவே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானும் படவில்லை.

அந்தக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுக்கு, லேசாக வளைந்த ஒரு துண்டு. மேலே பளபளவென்று நிக்கல் பூச்சு. இரண்டைக் கவனமில்லாமல் பக்கத்தில் கொண்டுபோனால் நடுவில் விரல் தோல் மாட்டிக்கொள்ளும். நியோடைமியம், இரும்பு, போரான் சேர்ந்த கலவை. சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், அதற்குமேல் காந்தசக்தி இறங்க ஆரம்பிக்கும். எங்கள் மோட்டார் உள்ளே 130 டிகிரியைத் தொடும். அதனால் 150 டிகிரி தாங்குகிற எஸ்ஹெச் ரகம் போடுகிறோம். அந்த வெப்பத்தைத் தாங்க வைப்பது கலவையில் சிறிதளவு சேர்க்கப்படும் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் உலோகம் (ரேர் எர்த் என்பார்களே, அந்த வகை).

2025 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவின் புதிய வரிகளுக்குப் பதிலடியாக, சீனா ஏழு அரிய மண் உலோகங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. டிஸ்ப்ரோசியம் அதில் ஒன்று. அது கலந்த காந்தங்களும் விதிக்குள் வந்துவிட்டன. உலகின் அரிய மண் சுத்திகரிப்பிலும் காந்த உற்பத்தியிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஒரே நாட்டிடம் இருக்கும்போது, உரிமம் என்ற ஒரு தாள் போதும், எல்லாம் நிற்கும்.

வியட்நாமிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உரிமத்துக்கு விண்ணப்பிக்க இறுதிப் பயனர் யார், எந்தப் பொருளில் பொருத்தப்படும், ராணுவப் பயன்பாடு இல்லை என்ற உறுதிமொழி, இதெல்லாம் வேண்டுமாம். என் பங்குக்கு நான் எழுதிக் கொடுத்தேன். பிறகு எங்கள் வாடிக்கையாளரிடம் கேட்டேன். அவர் தன் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார், அது அவருடைய வியாபார ரகசியம். நியாயம்தான். இதற்கிடையில் காந்தம் செய்பவர் எங்களுக்கு முதல் முறையாக நேராக எழுதினார். அவர் பெயரே எனக்கு அன்றுவரை தெரியாது. காந்தத்துக்கும் கடைசியில் அதைப் பயன்படுத்துபவருக்கும் நடுவே நான்கு கம்பெனிகள், ஒருவருக்கு அடுத்தவருக்கு அடுத்தவர் யாரென்று தெரியாது. அப்படித் தெரியாமலே இத்தனை வருடம் சரக்கு ஓடியது. கேள்வி கேட்கப்பட்டதும் நின்றது.

கேள்விக்கு என் நேரடிப் பதில் இதுதான்: சரக்கையே நிறுத்த நினைக்கும் அரசுகள் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடிப்பதில்லை. மாற்று ஆள் இல்லாத, குறுகிய இடத்தைப் பிடிக்கின்றன. நாம் நகர்த்துவதோ எப்போதும் கடைசிக் கண்ணியை, ஏனென்றால் வரி விழுவது அங்கே, நகர்த்த எளிதானதும் அதுதான்.

நான் ஒரு நாட்டுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா உயர்ரக சிப்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்குத் தடுத்ததும் இதே முறைதான். மிக நுண்ணிய சிப்களின் சுற்றுகளைப் புற ஊதா ஒளியால் பதிக்கும் ஈயூவி இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றே. அங்கே நெதர்லாந்து உரிமம் கொடுக்காவிட்டால் இயந்திரம் போகாது. குறுகிய இடம் யாரிடம் இருக்கிறதோ அவர் பிடிப்பார்.

"முன்கூட்டியே தெரியாதா?" என்றும் கேட்பார்கள். தெரியும். 2010 செப்டம்பரில் சர்ச்சைக்குரிய தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதிய பிறகு ஜப்பானுக்குப் போன அரிய மண் சரக்கு தடைபட்டது. அதற்கடுத்த வருடமே ஜப்பான் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் என்ற அரிய மண் சுரங்க நிறுவனத்தில் பணம் போட்டது. அந்த லைனாஸ் மலேசியாவில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தது 2025 மே மாதம். அவ்வளவு பணமும் ஓர் அரசின் ஆதரவும் இருந்து இத்தனை வருடம். சுரங்கம் பல நாடுகளில் தோண்டலாம். பிரித்தெடுக்கிற வேலைதான் கஷ்டம். ஒரே மாதிரி நடந்துகொள்ளும் உலோகங்களை நூற்றுக்கணக்கான கட்டங்களில் அமிலத்திலும் கரைப்பானிலும் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டும், கழிவையும் சமாளிக்க வேண்டும். 'நட்பு நாட்டுக்கு மாற்று' என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்தக் கட்டத்தை நினைப்பதே இல்லை.

2023-ல் சீனா, சிப் செய்யப் பயன்படும் காலியம், ஜெர்மேனியத்துக்கு ஏற்றுமதி உரிமம் கொண்டுவந்தபோது, அடுத்தது காந்தமாக இருக்கலாம், ஆறு மாத ஸ்டாக் வாங்கி வைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பணம் முடங்கும் என்று நிர்வாகத்தில் நிராகரித்தார்கள். அது அவர்கள் முடிவு, விட்டுவிடலாம். 2025-ல் அதே அறையில் "கொள்முதல் பிரிவு ஏன் எச்சரிக்கவில்லை?" என்று கேட்டதைத்தான் என்னால் விட முடியவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவுக்கு வருடா வருடம் விருது விழா உண்டு. ஆர்டர் பிடித்தவர் மேடை ஏறுவார். அந்த ஆர்டருக்கான பொருள் நேரத்துக்கு வந்து சேர இரவு பதினொரு மணிக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் போனில் நின்ற என் குழுப் பையனை யாருக்கும் தெரியாது. அவன் போன மாதம் வேலையை விட்டுவிட்டான். விற்பனைக்குப் போகிறானாம்.

சரி, பிறகு என்ன ஆயிற்று? ஜூலைக் கடைசியில் உரிமம் வந்தது, கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு. அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்களின் தேதி தவறியிருந்தது. இன்னொரு பக்கம் எங்கள் பொறியாளர்கள் டிஸ்ப்ரோசியம் இல்லாத ரகத்தை வைத்து மோட்டாரை மறுபடி வடிவமைத்தார்கள். அதற்கு உரிமம் தேவையில்லை, ஆனால் வெப்பம் தாங்காது. ஆகவே உள்ளே சூடு குறைய வேண்டும், ஆகவே செம்புக் கம்பி கூட வேண்டும், ஆகவே மோட்டார் 12 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. நீண்டதால் பழைய அலுமினிய உறை பொருந்தவில்லை, உறைக்குப் புது அச்சு செய்ய வேண்டும்.

அந்த அச்சுக்கான ஆர்டர் போன வாரம் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. விலை சரி, தேதி சரி. கையெழுத்துப் போடவில்லை. அச்சு செய்பவரைப் போனில் கூப்பிட்டு, உங்கள் எஃகு எந்த ஆலையிலிருந்து வருகிறது, அந்த ஆலைக்குக் கலப்பு உலோகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.