15 லட்சம் கடனுக்கு முன், மகள் எழுதிய பயிற்சிக் குறிப்பைப் படியுங்கள்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் இந்த ஏப்ரலில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். கோடையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் போய், புதிதாக வரும் மாணவர்களுக்கான அறிமுக வாரத்தைத் திட்டமிட்டிருக்கிறாள். இனி இந்த வேலைதான் என்கிறாள். தாய்மாமனோ, "பூச்செண்டு குடுத்து வரவேற்கிறதெல்லாம் ஒரு வேலையா? தனியார் காலேஜில் எம்.பி.ஏ. சேர்த்துவிடு, 15 லட்சம் லோன் போட்டால் ஆயிற்று" என்கிறார். தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள்.

15 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணையே 20,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். உங்களிடம் இருப்பது குடியிருக்கும் வீடு ஒன்றுதான். அதை அடமானம் வைத்து, அவள் கேட்கவே கேட்காத படிப்பில் சேர்ப்பது எந்தக் கணக்கில் நியாயம்? மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. வங்கித் தேர்வு, பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது, அதையெல்லாம் விடுகிறேன்.

கடிதத்தோடு மகளின் பயிற்சிக் குறிப்பையும் வைத்திருந்தீர்கள். நீங்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. தயவுசெய்து படியுங்கள்.

அந்த அலுவலகத்தில் எல்லா நாட்டு மாணவர்களுக்கும் ஒரே வழிகாட்டித் தாளைக் கொடுத்துவந்திருக்கிறார்கள். நேபாளத்திலிருந்து நேரே வரும் மாணவருக்கு விசாவே தேவையில்லை, வெளிநாட்டவர் பதிவும் கிடையாது. மற்ற நாட்டவரில் பெரும்பாலோர் 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தால், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழியாகப் பதிய வேண்டும். தவறினால் அபராதம் வரும், பின்னால் விசா நீட்டிப்பிலும் சிக்கல். இவ்வளவு முக்கியமான விஷயம் தொடக்க விழாவில் ஐந்தாவது உரையாக இருந்திருக்கிறது. முந்தின இரவு விமானத்தில் வந்திறங்கிய பிள்ளைகள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள். உங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? அடுத்த தொகுதி வந்தபோது அந்த உரையை எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து கணினி அறையில் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்தாள். பாஸ்போர்ட், விசா, விடுதிச் சான்று, இங்கே படிப்பதற்கான போனஃபைட் சான்று எல்லாம் கையில் இருக்க, விண்ணப்பத்தை அங்கேயே முடித்து அனுப்பவைத்தாள்.

இன்னொன்று. எத்தியோப்பிய மாணவர் ஒருவரின் பள்ளிச் சான்றிதழில் 2016 என்று இருந்ததாம். "எட்டு வருஷம் என்ன பண்ணினாய்?" என்று எழுத்தர் கேட்க, அவர் விழித்திருக்கிறார். எத்தியோப்பியாவில் ஆண்டுக்கு 13 மாதம். அவர்கள் ஆண்டுக்கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது. அவர்களின் 2016 நமக்கு 2023-24. இதைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்க்கைப் பிரிவுக்குக் கொடுத்தவள் உங்கள் பெண். எதிரில் இருப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கும் இந்தக் கண்ணை எந்த எம்.பி.ஏ.வும் கற்றுத்தராது.

இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு மாணவர் படிக்கும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அவர்களுக்கென்று தனி அலுவலகம் அமைக்கப்படும் என்று 2020 தேசிய கல்விக் கொள்கை சொல்கிறது. 2021-22 அரசு கணக்கெடுப்பின்படி இந்தியாவில் படித்த வெளிநாட்டினர் சுமார் 47,000 பேர்; அதில் நேபாளத்தினர் மட்டும் 28 சதவீதம். குஜராத்தின் நிதி நகரமான கிஃப்ட் சிட்டியில் டீக்கின், வொல்லொங்காங் ஆகிய ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் வளாகம் திறந்துவிட்டன. நம் மாணவர்களை வெளியே அனுப்பும் பக்கத்திலும் இதே திறமைக்கு வேலை உண்டு. சென்னையிலேயே ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., பிரான்சில் படிக்க வழிகாட்டும் காம்பஸ் பிரான்ஸ், பிரிட்டிஷ் கவுன்சில் எல்லாம் இருக்கின்றன.

ஆரம்பச் சம்பளம் குறைவு, பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ஜூலை முதல் செப்டம்பர் வரை லீவு நினைத்தே பார்க்க முடியாது, நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் பெயர்ப்பலகை பிடித்து நிற்க வேண்டிவரும். இதையும் மாமாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் இதில் பாதியை ஏற்கெனவே செய்துபார்த்துவிட்டுத்தான் வேண்டும் என்கிறாள்.

நான் சொல்வது இதுதான். பயிற்சி கொடுத்த அலுவலகத்தில், அவள் செய்த வேலைகளைக் குறிப்பிட்டு அனுபவச் சான்று வாங்கட்டும். ஒருங்கிணைப்பாளர் வேலை காலியிருக்கிறதா என்று அங்கேயே கேட்கட்டும், அப்புறம் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் எழுதட்டும். மாலையில் பிரெஞ்சு படிக்கட்டும். காங்கோ, சாட் என்று பிரெஞ்சு புழங்கும் நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். அந்த மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி முடித்தவர் இந்த அலுவலகங்களில் அபூர்வம். கூடவே எம்.ஏ. பொது நிர்வாகத்தைத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். எல்லாம் சேர்ந்தாலும் ஆயிரங்களில் முடியும் செலவு, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். இரண்டு வருடம் வேலை பார்த்தபின் எம்.பி.ஏ. வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் அப்போது பேசுவோம்.

அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள். மாமா வந்தாலும் சரி. அதுவரை வங்கியில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.