பதில்: பரதம் ஆடும் தம்பிக்கு

தம்பி, கூட ஆடும் பையன்மேல் மனசு போயிருக்கு, அப்பா ‘பொம்பள ஆட்டம்’னு சலங்கையை ஒளிச்சிட்டார், மாமா உன்னை ‘மாத்த’ டாக்டரைத் தேடுறார்னு எழுதியிருந்தே. மாமா விஷயம்தான் முதல்ல. பையன்மேல் மனசு போறது நோயே இல்லை. இப்படி மாத்த முயற்சி பண்றதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021லேயே தடை பண்ணிடுச்சு. இழுத்துட்டுப் போனா குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணு, காசு கிடையாது.

அப்பாகிட்ட நடனத்தை மட்டும் பேசு. பெரிய பரத குரு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆம்பளைதானே? (உனக்கு மட்டும் ஒரு சேதி: 2018ல, ஓரினச்சேர்க்கையைக் குற்றம்னு சொன்ன 377ஆம் சட்டப் பிரிவுக்கு எதிரா ஜெயிச்ச வழக்கோட முதல் மனுதாரர் நவ்தேஜ் சிங் ஜோஹர், பரதக் கலைஞர்.)

அந்தப் பையன்கிட்ட உடனே சொல்லணும்னு கட்டாயமில்லை. அவன் பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே, அவன் வீடு எப்படின்னு நமக்குத் தெரியாது.