திருகோணமலை டவுனில் ஆஸ்பத்திரி கிட்ட இருந்தும் ஏன் இன்னும் நிறை குறைந்த பிள்ளைகள் பிறக்கின்றன?

ஆஸ்பத்திரி பிரசவத்தைக் காப்பாற்றும். ஆனால் பிள்ளையின் நிறையைத் தீர்மானிப்பது அதற்கு முந்திய மாதங்கள், தாயின் சிறுவயதுச் சாப்பாடும்கூட.

2.5 கிலோவுக்குக் கீழ் பிறந்தால் நிறை குறைவு. இலங்கையின் நாடளாவிய ஆய்வுகளில் இப்படிப் பிறந்தவை 2006/07இல் 100க்கு 17 அளவு, 2016இல் 16 அளவு. பத்து வருடத்தில் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. சிசு மரணம் குறைந்த வேகத்துக்கு இது ஈடாகவே இல்லை.

என் தங்கச்சியின் மகன் 2.3 கிலோ. கர்ப்பமாகும்போதே அவள் மெலிவு, இரத்தச்சோகை வேறு. கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாரும் பங்குபோட்டோம். இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்கினாள். தேயிலை இரும்புச்சத்தை உடலில் சரியாகச் சேரவிடாது. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குளிசையைத் தண்ணீரோடு குடிக்கச் சொல்லுங்கள். சூடை மீன், முருங்கையிலை, முட்டை முதலில் அவளின் கோப்பைக்குப் போகட்டும்.