ஓடும்போது உள்ளங்கால் வலி: எந்த ஷூ வாங்குவது?

கேள்வி: வயது 36. ஒரு மாதமாகக் கோவை ரேஸ்கோர்ஸில் ஓடுகிறேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் இரண்டு உள்ளங்கால் குழிவிலும் இழுத்துப் பிடித்ததுபோல் வலி, நின்றால் குறைகிறது. கடையில் ‘உங்களுக்குத் தட்டைப் பாதம்’ என்று 14 ஆயிரம் ரூபாய் ஷூவைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். தட்டைப் பாதம் நோயல்ல. வெறுங்காலுடன் நுனிக்காலில் எழுந்து நின்று, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அப்போது குழிவு தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை.

பாதத்தின் வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுப்பதை அமெரிக்க ராணுவம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சோதித்துப் பார்த்தது. பாத அச்சுக்கேற்ற ஷூ போட்டவர்களுக்கும், எல்லோருக்கும் பொதுவான ஷூ போட்டவர்களுக்கும் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்!

என் சந்தேகம் தூரத்தின் மேல்தான். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை போகும் தடித்த நாரும், குழிவைத் தாங்கும் சிறு தசைகளும் புதிய சுமைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். ஷூ லேஸை இறுக்கிக் கட்டுபவரா? பாதத்தின் நடுவே வரும் துளைகளில் தளர்த்திக் கட்டிப் பாருங்கள். சிலருக்கு இதிலேயே வலி போய்விடும், செலவும் இல்லை.

பழைய ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிவிட்டதென்றால் மாற்றத்தான் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஓடும்போது போடும் சாக்ஸுடன் கடைக்குப் போங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரியதற்கு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் வழுக்கக் கூடாது. ஷூவை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மேடு குழிவில் குத்தினாலும் வேண்டாம். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். ‘போட்டுப் பழகினால் சரியாகிவிடும்’ என்பதை நம்பாதீர்கள். முதல் நிமிடத்திலேயே சுகமாக இருப்பதுதான் உங்கள் ஷூ, விலை என்னவானாலும்.

ஒரு காலில் மட்டும் வலி, கணுக்காலின் உள்பக்கம் வீக்கம், ஒற்றைக் காலில் நுனிக்காலாக எழ முடியாமை, எலும்பின் மேல் விரல் வைத்தாலே வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போகிறதென்றால், ஷூ வாங்கும் முன்பே பாதத்தைக் காட்டிவிடுங்கள்.