மூன்று கிலோ

அன்புள்ள மேடம்,

நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசு ஊழியன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், ஓட்டக்காரி. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 600 மீட்டரில் மாநில அளவு வரை போனாள். இப்போது 17 வயதுக்குட்பட்டோரில் 800 மீட்டர். போன வருடம் ஜனவரியில் 2:26.4. ஜூலையில் 2:28.1. இந்த அக்டோபரில் வருவாய் மாவட்டப் போட்டியில் 2:33.9, ஐந்தாம் இடம். எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வருகிறேன். காலை நாலரைக்கு எழுப்பி நானே கிரவுண்டுக்குக் கூட்டிப்போகிறேன். செலவுக்குக் குறை வைத்ததில்லை, ஸ்பைக் ஷூ மட்டுமே நாலாயிரம். கோச், "எடை ஏறிப்போச்சு, மூணு கிலோ குறைக்கணும், ராத்திரி சோறு வேண்டாம்" என்கிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்கிறாள், பயிற்சிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைக்கிறேன். போட்டி அன்று காலையில் வாந்தி எடுக்கிறாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எப்போதும் போன்தான். கவுன்சிலிங் போகலாம் என்றால், பொம்பளப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடும் என்று என் அம்மா பயப்படுகிறார். அவள் மனதைத் திடப்படுத்த நல்ல தன்னம்பிக்கை நூல்கள் சொல்ல முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். நான் காலை நடைக்குப் போகும் மைதானத்தில் ஒரு பயிற்சியாளர் பிள்ளைகளை வரிசையாக எடை மெஷினில் ஏற்றி, எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பையன்கள் சிரித்தபடி இறங்கினார்கள். பதிமூன்று, பதினான்கு வயதிருக்கும் ஒரு பெண், செருப்பை மட்டுமல்ல, கையிலிருந்த பிளாஸ்டிக் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். அதிலிருந்து மீள்வதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் மொத்தம் ஏழு டைமிங்குகள் இருந்தன, நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை. உங்கள் மகள் வாயால் சொன்னதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கால் எலும்பு வலிக்கிறது. அதையும் சாக்கு என்று தள்ளிவிட்டீர்கள். நாலரை மணிக்கு எழுந்து மகளோடு கிரவுண்டுக்குப் போகிற அப்பா நம் ஊரில் எத்தனை பேர்? உங்கள் பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசம் ஸ்டாப்வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

போனை விடுங்கள். பேச ஆளில்லாத வீட்டில் பிள்ளை போனைத்தான் பார்க்கும். உங்கள் அம்மாவின் பயத்துக்கும் பதில் சுருக்கமானதுதான். நம் சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது வயது 18. அவர் பேடி அப்டன் என்கிற மனப்பயிற்சியாளரோடு சேர்ந்து வேலை செய்தார், அதை ஒளிக்கவும் இல்லை. அவருக்கு யார் என்ன பேர் வைத்துவிட்டார்கள்?

நான் சொல்ல வந்தது அந்த மூன்று கிலோவைப் பற்றி.

பெண் பிள்ளைகள் விறுவிறுவென்று உயரம் கூடுவது சராசரியாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதில். பையன்களுக்கு அது இரண்டு வருடம் தள்ளி வருகிறது. வந்தபின் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் அவர்களுக்குத் தசையை அள்ளிக் கொடுக்கிறது. வருடா வருடம் டைமிங் இறங்கும், கோச்சுக்கும் நல்ல பெயர் கிடைக்கும். பெண்ணுக்கு அதே வயதில் இடுப்பு அகலும், மார்பு வளரும், உடம்பில் கொழுப்பின் பங்கு கூடும். நேற்றுவரை பழகிய கால் இன்று வேறு ஒரு உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பலருக்கு ஓட்டம் ஒன்றிரண்டு வருடம் அப்படியே நிற்கும், சிலருக்குப் பின்னால் போகும். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? பன்னிரண்டு வயதில் ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "உடம்பு வெச்சிருச்சு" என்று மட்டும் சொல்கிறோம். தன் உடம்பே தனக்குத் துரோகம் செய்துவிட்டதாக அவள் நம்ப ஆரம்பிக்கிறாள்.

பொறுத்தால் வேகம் திரும்ப வரும். 800 மீட்டரில் பெண்கள் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் இருபதுகளின் நடுவில். பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கியபோது வயது 34. உங்கள் மகளுக்குப் பதினைந்து.

பொறுக்காமல் வயிற்றைக் காயப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மேரி கெயின் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச்சுற்று ஓடியவர். அதன்பின் உலகின் பெயர்பெற்ற பயிற்சிக்குழு ஒன்றில் சேர்ந்தார். இன்னும் மெலிய வேண்டும், இன்னும் மெலிய வேண்டும் என்று நெருக்கினார்கள், சக வீரர்கள் முன்னால் எடை பார்த்தார்கள், மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தன, சாகலாம் என்ற எண்ணம் வந்தது என்று 2019-இல் அவரே வெளியில் சொன்னார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. உழைப்புக்கு ஈடான சாப்பாடு கிடைக்காத உடம்பு, செலவைக் குறைக்க ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். கூடவே எரிச்சல், சோர்வு, யாரிடமும் பேசப் பிடிக்காத மனசு. நீங்கள் மனத்திடம் இல்லை என்கிறீர்களே, அதில் பாதி பசியாகவே இருக்கலாம்.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு வரை குறுவட்டத்தில் அவளை முந்த ஆளில்லை, வெறுங்காலில் ஓடுவாள். வயதுக்கு வந்து, சடங்கு முடிந்து, கிரவுண்டுக்குத் திரும்பினாள். எங்கள் பி.டி. சார் பையன்கள் முன்னாலேயே, "என்னடி, சடங்குச் சாப்பாடு உடம்புல நல்லா ஒட்டிருச்சு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் இரண்டு இறுக்கமான சிம்மீஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழற்றும்போது தோளிலும் விலாவிலும் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். மூச்சை இழுத்துவிட முடியாமல் எப்படி 800 மீட்டர் ஓடுவது? மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றைக் கிணற்றடி நாய்க்குக் கொட்டிவிட்டு, கழுவி மூடி வைப்பாள். வீட்டில் சாப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மாவட்டப் போட்டியில் இரண்டாவது சுற்றில் மயங்கி விழுந்தாள். அதோடு சரி. இன்று அவளுக்கு வயது ஐம்பதுக்கு மேல். மகன் பள்ளியில் படித்த காலமெல்லாம் அவன் விளையாட்டு விழாவுக்குக் கணவரைத்தான் அனுப்பினாள்.

ஓடுகிற பெண்ணின் உடம்பை ஊரே விசாரிக்கலாம் என்ற நினைப்பு நமக்குள் ஊறிக்கிடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், டிவியில் நாள் முழுக்க அவர் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். அந்தப் பேச்சிலிருந்து அவர் மீண்டெழுந்து பயிற்சியாளர் ஆனது அவருடைய தைரியம், நம்முடைய நல்லெண்ணம் ஒன்றும் அதில் இல்லை.

ஆகவே இன்று ராத்திரி அவளுக்குச் சோறு போடுங்கள். முட்டையோ மீனோ பருப்போ, வயிறு நிறைய. நாளைக்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஒரே இடத்தில், அழுத்தினால் சுரீரென்று வலித்தால் அது நுண்ணிய எலும்பு முறிவாக இருக்கலாம். அதன்மேல் ஓடினால் முழுதாக உடையும். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் இரும்புச் சத்தும் பாருங்கள். நம் மாநிலத்தில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல இரும்புச் சத்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, வெளியில் வந்து துப்பும் பிள்ளைகள் அதிகம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அவள் அம்மா கேட்கட்டும். மூன்று மாதம் வரவில்லை என்றால் அது கடும் பயிற்சிக்குக் கிடைத்த பலன் என்று எந்தக் கோச் சொன்னாலும் நம்பாதீர்கள், மகளிர் மருத்துவரைப் பாருங்கள். வாந்தி பயத்தால் வருகிறதா, அவளே விரலை விட்டு எடுக்கிறாளா என்பதும் தெரிய வேண்டும். மிரட்டிக் கேட்டால் சொல்ல மாட்டாள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். நீங்களும் பேசலாம், உங்களுக்கும் தேவைதான்.

ஸ்பைக்குக்கு நாலாயிரம் கொடுத்தீர்களே, ஓடும்போது போட ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இருக்கிறதா அவளிடம்? அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை மாதம் பழையதை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறாளோ. மனைவியிடம் பணத்தைக் கொடுத்து இருவரையும் கடைக்கு அனுப்புங்கள்.

நோட்டை மூடி வையுங்கள். கிரவுண்டிலிருந்து திரும்பும்போது வண்டியில் டைமிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள், நடுவில் புத்தி சொல்லாதீர்கள்.

கோச்சிடம் நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும், அவளை முன்னால் நிறுத்தாமல். அவர் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னதையே அவரும் சொல்கிறார். டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். இனி எடை பார்ப்பதானால் டாக்டர் மட்டும்தான் பார்ப்பார், ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அவளிடம் யாரும் பேசக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் கால் ஆறியபின் அவரிடமே ஓடட்டும். முறைத்தார் என்றால் வேறு கோச் பாருங்கள். அதற்குள் அவளே கொஞ்ச நாள் வேண்டாம் என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நினைத்துக்கொண்டு பேரம் பேசாமல் சரி என்று சொல்லுங்கள்.

அன்புடன்.